முதலில் தராசு, பிறகு அரவை மெஷின்

கேள்வி சுருக்கமாக இது. சொந்தமாகச் சாசேஜ் செய்யத் தொடங்கி நான்கு மாதமாகிறது. ஒருமுறை செய்தது மிஞ்சிவிட்டதால், வேகவைத்த சாசேஜ்களைக் கண்ணாடி ஜாடிகளில் போட்டு, மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி மூடி, பெரிய பாத்திரத்தில் ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, அலமாரியில் வைத்திருக்கிறார் கேட்டவர். மூன்று வாரம் ஆகிவிட்டது. மூடி உள்வாங்கி இறுகியிருக்கிறது, தண்ணீர் தெளிவாக இருக்கிறது. சாப்பிடலாமா? இறைச்சியைப் பதப்படுத்தச் சேர்க்கும், நைட்ரைட் கலந்த இளஞ்சிவப்பு உப்பு கட்டாயமா? அடுத்ததாகச் சலாமி, அதாவது புளிக்கவைத்து உலர்த்தும் சாசேஜ், செய்ய ஆசை. அதற்கு என்ன கற்க வேண்டும்?

ஜாடியிலிருந்து தொடங்குகிறேன். மற்றவை காத்திருக்கலாம்.

சாப்பிடாதீர்கள். திறந்து முகர்ந்துகூடப் பார்க்காதீர்கள். மூடியபடியே தடித்த பையில் போட்டுக் கட்டி, குழந்தைகளோ நாய் பூனையோ தொடமுடியாத குப்பைத்தொட்டியில் சேர்த்துவிடுங்கள். எதாவது ஜாடியிலிருந்து கசிந்திருந்தால், கையுறை போட்டுக்கொண்டு பிளீச் கரைசலால் அந்த இடத்தைத் துடையுங்கள். உழைப்பு வீணாவது வருத்தம்தான், எனக்குப் புரிகிறது. ஆனாலும் இதில் பேரம் பேச இடமில்லை.

ஏன் என்று சொல்கிறேன். மண்ணிலும் தூசியிலும் எங்கும் இருக்கிற ஒரு பாக்டீரியா, கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம். சூழ்நிலை ஒத்துவராதபோது அது விதை மாதிரி இறுகி உறங்கிவிடும். அந்த வித்து 100 டிகிரி கொதிநீரில் மணிக்கணக்கில் கிடந்தாலும் பிழைத்துக்கொள்ளும் (இந்தப் பதிலில் வரும் டிகிரி எல்லாம் செல்சியஸ்). நீங்கள் கொதிக்கவைத்தபோது செத்தவை மற்ற கிருமிகள். அதாவது இதற்குப் போட்டியாக இருந்திருக்கக்கூடியவை. காற்றும் வெளியேறிவிட்டது. இந்தப் பாக்டீரியாவுக்குக் காற்று ஆகாது. ஈரமும் புரதமும் நிறைந்த, புளிப்பில்லாத, காற்றில்லாத, வெதுவெதுப்பான ஒரு அறையை அதற்குக் கட்டிக்கொடுத்துக் கதவையும் சாத்தியதுபோல் ஆகிவிட்டது. நல்ல அறிகுறி என்று நீங்கள் நினைத்த அந்த இறுகிய மூடிதான் அந்தக் கதவு.

வித்து முளைத்துப் பெருகினால் ஒரு நஞ்சைச் சுரக்கும். நரம்பு தசைக்கு அனுப்பும் செய்தியை அந்த நஞ்சு தடுத்துவிடுகிறது. பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்துக்குள் பார்வை இரட்டையாகும், இமை தொங்கும், பேச்சு குழறும், விழுங்க முடியாது. பிறகு மூச்சுத் தசைகளும் தளரும். இப்படி யாருக்காவது தோன்றினால், காத்திருந்து பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நஞ்சுமுறிவு மருந்து எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது.

இந்த நோய்க்குப் போட்டுலிசம் என்ற பெயர் வந்ததே சாசேஜிலிருந்துதான். லத்தீனில் 'போட்டுலஸ்' என்றால் சாசேஜ். 1820இலும் 1822இலும் ஜெர்மானிய மருத்துவர் யூஸ்டினுஸ் கெர்னர் சாசேஜ் நஞ்சைப் பற்றி விரிவாக எழுதினார். கவிஞராகவும் பெயர் பெற்றவர் அவர். கிருமியைக் கண்டுபிடித்தது பிறகு. 1895இல் பெல்ஜியத்தின் எல்லெசெல் கிராமத்தில் ஒரு இறுதிச்சடங்குக்கு வாசிக்க வந்த இசைக்குழுவினர் உப்பிட்டுப் புகைத்த பன்றித்தொடையைச் சாப்பிட்டு விழுந்தார்கள், மூன்று பேர் இறந்தார்கள். அந்த இறைச்சியிலிருந்துதான் எமில் வான் எர்மெங்கம் இந்தப் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்.

இதையெல்லாம் பயமுறுத்த எழுதவில்லை. சமையலில் நமக்கு நாக்கும் மூக்கும் கண்ணும் ஆசான்கள். கைப்பக்குவம், கண்ணளவு என்று நாம் பெருமையாகச் சொல்வது நியாயமானதே. ஆனால் உணவைப் பதப்படுத்தி வைப்பது சமையலின் அடுத்த படி அல்ல, தனி வேலை. இங்கே புலன்கள் குருடு. போட்டுலினம் நஞ்சு இருக்கும் உணவு வாடையில்லாமல், நிறம் மாறாமல், சுவையாகவே இருக்கக்கூடும். நாக்கு பார்க்க முடியாததைத் தராசும் தெர்மாமீட்டரும் பி.எச். காகிதமும் பார்க்கும் (பி.எச். என்பது புளிப்பைக் காட்டும் எண், அது குறையக் குறையப் புளிப்பு அதிகம்). ஆகவே இந்தப் பொழுதுபோக்குக்கு முதலில் வாங்க வேண்டியது அரவை மெஷின் அல்ல. ஒரு கிராம் துல்லியத்தில் இறைச்சியை நிறுக்க ஒரு தராசு, 0.1 கிராம் துல்லியத்தில் உப்பையும் மசாலாவையும் நிறுக்க ஒரு சிறு தராசு, கூர்முனை வைத்த ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர். இந்த மூன்றும் இருந்தால் மீதியைக் கடன் வாங்கிக்கூடச் செய்யலாம்.

தேக்கரண்டிக் கணக்கைக் கைவிடச் சொல்வதற்கும் இதுவே காரணம். பொடியுப்பும் படிக உப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை நிற்காது. சில வகைகளுக்கிடையே ஏறக்குறைய இருமடங்கு வித்தியாசம் வரும். குழம்பில் அது ருசியோடு முடிந்துவிடும். உலர்த்தும் இறைச்சியில் பாதுகாப்பே அந்த உப்பின் எடையில்தான் நிற்கிறது.

சரி, சாசேஜ். உப்பும் மசாலாவும் சேர்த்து அரைத்து, உறையில் அடைத்து, உடனே சமைத்துச் சாப்பிடும் பச்சைச் சாசேஜ் முழுக்க முழுக்கச் சமையல். ஃப்ரிட்ஜில் ஒன்றிரண்டு நாள், இல்லாவிட்டால் ஃப்ரீசர். புகைத்தது, உலர்த்தியது, ஜாடியில் அடைத்தது எல்லாம் மற்ற பக்கம். கற்றுக்கொள்பவர்கள் இந்தக் கோட்டைத் தெரியாமல் தாண்டிவிடுகிறார்கள், நீங்கள் தாண்டியது மாதிரி. கோட்டுக்கு இந்தப் பக்கமே கற்க ஒரு வருடத்துக்கு விஷயம் இருக்கிறது.

ஒரு கிலோவுக்கு என் அடிப்படைக் கணக்கு: கொழுப்பு நீக்கிய இறைச்சி 700 கிராம், கெட்டிக் கொழுப்பு 300 கிராம், உப்பு 16 கிராம், மிளகு 2 கிராம், ஐஸ் தண்ணீர் 60 மில்லி. பன்றியின் தோள்பகுதியை எடுத்தால் இறைச்சியும் கொழுப்பும் ஏறக்குறைய இதே விகிதத்தில் தானாகவே இருக்கும். அதனால்தான் எல்லாரும் அதில் தொடங்குகிறார்கள். கோழியிலோ ஆட்டிறைச்சியிலோ செய்யலாம், கொழுப்பின் பங்கை மட்டும் விட்டுவிடக்கூடாது. உடம்புக்கு நல்லது என்று கொழுப்பைப் பாதியாகக் குறைப்பவர்களுக்கு வறண்ட, மணல் மாதிரி உதிரும் சாசேஜ்தான் கிடைக்கும். அளவைக் குறைத்துச் சாப்பிடுங்கள், கொழுப்பைக் குறைக்காதீர்கள். உப்பு 1.5 முதல் 1.8 சதவீதத்துக்குள் இருக்கட்டும்.

இனி எல்லாமே குளிர்ச்சி. என் முதல் முயற்சிகளில் அரைத்த இறைச்சி பளபளவென்று பசைபோல வந்தது, நன்றாகவே கலந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். வறுத்தபோது கொழுப்பெல்லாம் சட்டியில் உருகி ஓட, உறைக்குள் சுருங்கிய மரத்தூள் மாதிரி ஏதோ மிஞ்சியது. மூன்றாவது முறைதான் காரணம் புரிந்தது. கொழுப்பு இளகிய நிலையில் அரைபட்டால் துண்டு துண்டாக வெட்டுப்படாது, வெண்ணெய் போல இறைச்சியின்மேல் பூசிக்கொள்ளும். பூசிய கொழுப்பு இறைச்சித் துணுக்குகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்வதைத் தடுக்கும். சூடு பட்டதும் அதைத் தாங்கிக்கொள்ள எதுவும் இல்லாமல் ஓடிவிடும். ஆகவே இறைச்சியையும் கொழுப்பையும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கித் தட்டில் பரப்பி, ஓரங்கள் விறைக்கும்வரை ஃப்ரீசரில் வையுங்கள், முக்கால் மணி நேரம் ஆகலாம். அரவை மெஷினின் கத்தி, துளைத்தட்டு, கழுத்து எல்லாவற்றையும் கூடவே குளிரவையுங்கள். அரைக்கும்போது தெர்மாமீட்டர் 4 டிகிரியைத் தாண்டினால் நிறுத்திவிட்டுத் திரும்ப ஃப்ரீசருக்கு அனுப்புங்கள். கத்தியில் நரம்பு சுற்றிக்கொண்டாலும் இதே பூச்சு வரும். வெள்ளையும் சிவப்புமாகத் தனித்தனிப் புழுபோல விழ வேண்டிய அரவை கூழாக வந்தால், கத்தியைக் கழற்றிப் பாருங்கள்.

அரைத்தபின் பிசைவது. சாசேஜுக்கும் வெறும் கொத்துக்கறிக்கும் வேற்றுமை இங்கேதான் பிறக்கிறது. இறைச்சியில் மயோசின் என்ற புரதம் உண்டு, உப்புநீரில்தான் அது கரையும். உப்புப் போட்டுப் பிசையப் பிசைய அது வெளியே வந்து பசைபோல ஒட்டும், வெந்தபின் வலைபோல இறுகிக் கொழுப்பையும் நீரையும் பிடித்துவைக்கும். கை விறைத்துப்போகும் குளிரில் இரண்டு மூன்று நிமிடம் பிசைந்ததும் கலவை மாறுவது தெரியும்; மெதுவாக இழுத்தால் நார் நாராக நிற்கும். ஒரு உருண்டையை உள்ளங்கையில் தட்டி, கையைக் கவிழ்த்துப் பாருங்கள். விழாமல் ஒட்டிக்கொண்டால் போதும். புலனை நம்பச் சொல்லும் இடம் இது ஒன்று, ஏனென்றால் இங்கே பார்ப்பது பக்குவத்தைத்தான், பாதுகாப்பை அல்ல. நேரம் இருந்தால் துண்டுகளில் முந்தின இரவே உப்பைப் பிசறி ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் அரையுங்கள். ஒட்டு இன்னும் நன்றாக வரும்.

அடைப்பதற்கு முன் ஒரு சிறு வடை அளவு எடுத்து வறுத்துத் தின்று பாருங்கள். உறைக்குள் போனபின் உப்பைத் திருத்த முடியாது.

பன்றிக் குடல் உறை பெரும்பாலும் 32 முதல் 35 மில்லிமீட்டர் விட்டம், ஆட்டுக் குடல் 19 முதல் 24. உப்பில் வரும் உறையை அரை மணி நேரம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, உள்ளே தண்ணீர் விட்டு அலசுங்கள்; எங்கே ஓட்டை என்பதும் அப்போதே தெரிந்துவிடும். அரவை மெஷினோடு வரும் குழாயில் அடைப்பதை நான் விரும்புவதில்லை. அது இறைச்சியை மறுபடி நசுக்கிச் சூடாக்குகிறது. பிஸ்டன் வைத்த தனி அடைப்பான் வேண்டும். அது வாங்கும்வரை உறையே வேண்டாம், தட்டையாகத் தட்டி வறுங்கள், ருசி அதேதான். அடைக்கும்போது முறுக்க இடம்விட்டுச் சற்றுத் தளர்வாகவே நிரப்புங்கள், காற்றுக் குமிழியை ஊசியால் குத்திவிடுங்கள், ஒன்றை இடப்பக்கமும் அடுத்ததை வலப்பக்கமுமாக முறுக்குங்கள். பிறகு ஓர் இரவு ஃப்ரிட்ஜில் மூடாமல் வைத்தால் உறை காய்ந்து இறைச்சியோடு ஒட்டிக்கொள்ளும்.

சமைக்கும்போது அவசரப்படாதீர்கள். கொதிக்காத, 75 முதல் 80 டிகிரி நீரில் வேகவைத்துவிட்டுக் கடைசியில் வாணலியில் சிவக்க வைத்தால் உறை வெடிக்காது. நடுப்பகுதி 71 டிகிரியைத் தொட வேண்டும், கோழியாக இருந்தால் 74. முழுத்துண்டு இறைச்சியில் கிருமி மேற்பரப்பில்தான் இருக்கும், அதனால் உள்ளே சற்றுச் சிவப்பாக விடலாம். அரைத்தபோது மேற்பரப்பு உள்ளே போய்விட்டது. சாசேஜுக்கு உள்ளும் புறமும் ஒன்றுதான்.

மிஞ்சியதை எங்கே வைப்பது? ஃப்ரீசரில். காற்றுப் புகாமல் சுற்றி, மைனஸ் 18 டிகிரியில் வைத்தால் இரண்டு மாதம் வரை ருசி கெடாது. ஜாடியில் அடைக்கத் தோன்றிய அன்று உங்களுக்கு வேண்டியிருந்தது இதுதான்.

இப்போது இளஞ்சிவப்பு உப்பு. பச்சைச் சாசேஜுக்கு அது தேவையில்லை. குறைந்த சூட்டில் மணிக்கணக்காகப் புகைப்பதற்கும் உலர்த்துவதற்கும் கட்டாயம். புகைக்கூண்டை யோசித்துப் பாருங்கள்: ஈரமான இறைச்சி, உறைக்குள் காற்றில்லை, 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே பல மணி நேரம். போட்டுலினம் கேட்கும் சூழல் அப்படியே அமைந்துவிடுகிறது. அங்கே வித்து முளைக்காமல் காவல் நிற்பது சோடியம் நைட்ரைட். பன்றித்தொடையின் ரோஜா நிறமும் அதன் தனிச்சுவையும் அதனால் கூடவே கிடைக்கும் பரிசு. நைட்ரைட்டிலிருந்து பிறக்கும் நைட்ரிக் ஆக்சைடு, இறைச்சியின் நிறப்புரதமான மயோகுளோபினோடு சேர்ந்து, வெந்தாலும் மாறாத நிறத்தைத் தருகிறது.

கணக்கைக் கவனமாகப் பாருங்கள். முதல் எண் பதனுப்பு எனப்படும் இளஞ்சிவப்பு உப்பில் 6.25 சதவீதம் சோடியம் நைட்ரைட், மீதி 93.75 சதவீதம் சாதாரண உப்பு. ஒரு கிலோ இறைச்சிக்கு 2.5 கிராம் போட வேண்டும். 2.5ஐ 0.0625ஆல் பெருக்கினால் 0.156 கிராம் நைட்ரைட், அதாவது பத்து லட்சத்தில் 156 பங்கு. அரைக்கும் இறைச்சிக்கு நாம் பின்பற்றும் அளவு இதுவே. இந்த 2.5 கிராமில் உப்பும் இருப்பதால், 16 கிராம் மொத்த உப்பு வேண்டுமென்றால் சாதாரண உப்பை 13.7 கிராமாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பாவில் விற்கும் நைட்ரைட் உப்பில் நைட்ரைட் 0.5 முதல் 0.6 சதவீதம்தான் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே எழுதிய செய்முறை கிலோவுக்கு 20 கிராம் நைட்ரைட் உப்பு என்று சொல்லும், அது அங்கே சரி. அதையே 6.25 சதவீத உப்பை வைத்துச் செய்தால் பத்து லட்சத்தில் 1250 பங்கு. எட்டு மடங்கு. அவ்வளவு நைட்ரைட் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் ஆக்கிவிடும். பொட்டலத்தில் சதவீதம் எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு செய்முறையையும் தொடாதீர்கள். உப்பு இளஞ்சிவப்பாகச் சாயம் ஏற்றப்படுவதே யாரும் சாப்பாட்டு உப்பென்று எடுத்துவிடக்கூடாது என்பதற்காகத்தான். இயற்கையிலேயே அந்த நிறத்தில் கிடைக்கும் கல் உப்பில் பதப்படுத்தும் நைட்ரைட் கிடையாது. பெயர்க் குழப்பத்தால் அதைப் போட்டு இறைச்சி தொங்கவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டையும் வேறு வேறு அலமாரியில், பெயர் எழுதி வையுங்கள்.

வெடியுப்பு போடலாமா என்றும் சிலர் கேட்பார்கள். அது பொட்டாசியம் நைட்ரேட். பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றினால்தான் வேலை செய்யும். எவ்வளவு மாறும், எப்போது மாறும் என்று வீட்டில் சொல்ல முடியாது. செலரிப் பொடி சேர்த்து 'நைட்ரைட் இல்லாதது' என்று விற்பதைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். செலரியிலிருந்து வருவதும் அதே நைட்ரைட்தான், அளவு தெரியாமல் வருகிறது.

புற்றுநோய் பற்றிக் கேட்காமல் விட்டிருக்கிறீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் பதப்படுத்திய இறைச்சியை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றின் பட்டியலில் சேர்த்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது என்பது அதன் மதிப்பீடு. அதைப் படித்தபின் என் வீட்டில் புகைத்த சாசேஜ் விசேஷ நாளுக்கு மட்டும் என்றானது. செய்வதில் உள்ள ஆனந்தத்துக்கு அடிக்கடி சாப்பிட வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் பயந்து நைட்ரைட்டை மட்டும் நீக்கிவிட்டுப் புகைப்பதைத் தொடர்வது மோசமான சமரசம். அது வேண்டாம் என்றால் பச்சைச் சாசேஜோடு நில்லுங்கள்.

சலாமிக்கு வருகிறேன். முதல் வருடம் செய்யாதீர்கள் என்பதே என் பதில், ஆசையைக் கெடுப்பதற்காகச் சொல்லவில்லை. சலாமி சமைக்கப்படுவதே இல்லை. அரைத்த பச்சை இறைச்சியை அடுப்பில் ஏற்றாமலே உண்ணத் தகுந்ததாக ஆக்குபவை உப்பு, நைட்ரைட், அமிலம், வறட்சி ஆகிய நான்கு தடைகள். ஒன்று வலுக்கும்வரை மற்றொன்று தாங்கிப் பிடிக்கிறது. உப்பு 2.5 முதல் 3 சதவீதம். பதனுப்பு இரண்டாம் எண், அதில் நைட்ரைட்டோடு 4 சதவீதம் நைட்ரேட்டும் இருப்பதால் வாரக்கணக்கில் மெல்ல மெல்ல வேலை செய்யும். லாக்டிக் பாக்டீரியா கலவையைச் சேர்த்து, அந்தக் கலவைக்கு ஏற்ற வெதுவெதுப்பில் ஓரிரு நாள் புளிக்கவைத்து, பி.எச். 5.3க்குக் கீழே இறங்கியதா என்று அளந்து பார்க்க வேண்டும். அதன்பின் 12 முதல் 15 டிகிரி, ஈரப்பதம் 75 முதல் 80 சதவீதம் உள்ள அறையில் வாரக்கணக்காகத் தொங்கவிட வேண்டும். ஈரப்பதம் குறைந்தால் வெளிப்புறம் ஓடுபோல் காய்ந்து, உள்ளே உள்ள நீர் வெளியேற வழியில்லாமல் அடைபடும். மேலே கல், நடுவே ஈரம். கூடினால் வேண்டாத பூசணம். எப்போது ஆயிற்று என்று சொல்வதும் தராசுதான்: தொடக்க எடையில் 35 சதவீதமாவது குறைந்திருக்க வேண்டும். 400 கிராமாகத் தொங்கியது 260க்கு வரவேண்டும். பன்றியிறைச்சியில் டிரைக்கினெல்லா என்ற புழுவின் பயம் உள்ள இடமானால், அரைப்பதற்கு முன் 15 சென்டிமீட்டருக்கு மேல் கனமில்லாத துண்டுகளை மைனஸ் 15 டிகிரியில் 20 நாள் உறையவைப்பதும் உண்டு.

இந்த ஆசைக்கு நல்ல முதல் படி ஒன்று இருக்கிறது. அரைக்காத முழுத்துண்டு. முதுகுப் பக்கத்துத் துண்டு ஒன்றை எடுத்து, எடையில் 3 சதவீதம் உப்பும் கிலோவுக்கு 2.5 கிராம் இரண்டாம் எண் பதனுப்பும் தடவி, காற்று நீக்கிய பையில் ஃப்ரிட்ஜில் இரண்டு வாரம் வைத்து, பின்பு அதே அறையில் உலர்த்துவது. உள்ளே கிருமி புகாத இறைச்சி என்பதால் பிழைக்கு இடம் அதிகம், புளிக்கவைக்கும் தொல்லையும் இல்லை. அது இரண்டு முறை சரியாக வந்தபின் சலாமியை எடுங்கள்.

இறைச்சியை விட்டு வெளியே வந்தால், புதியவர்களை நான் எப்போதும் தள்ளிவிடுவது முட்டைக்கோஸிடம். பதப்படுத்தலில் இதைவிடப் பெருந்தன்மையான ஆசான் கிடையாது. ஒரு கிலோ முட்டைக்கோஸை மெல்லியதாக அரிந்து, 20 முதல் 22 கிராம் உப்புப் போட்டுப் பிசைந்தால் தன் நீரிலேயே மூழ்கும். ஜாடியில் அழுத்தி, மேலே ஒரு எடையை வைத்து, எதுவும் நீருக்கு மேலே தலைநீட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 18 முதல் 22 டிகிரியில் முதலில் லூகோனோஸ்டாக் இனம் பெருகிக் கரியமில வாயுவை வெளியேற்றும், ஜாடி குமிழிவிடும், காற்று வெளியே தள்ளப்படும். புளிப்பு ஏறியதும் அந்த இனமே தாக்குப்பிடிக்க முடியாமல் ஒதுங்க, அமிலம் தாங்கும் லாக்டோபேசில்லஸ் வகைகள் வேலையை ஏற்றுக்கொள்ளும். நாம் செய்வது உப்பை நிறுப்பது மட்டுமே. அந்த இரண்டு சதவீதம் கெட்டவற்றை அடக்கி, நல்லவை முந்திக்கொள்ள நேரம் வாங்கிக்கொடுக்கிறது. மூன்று முதல் ஆறு வாரத்தில் தயார். பி.எச். 4.6க்குக் கீழே போட்டுலினம் முளைக்காது. இது அதற்கும் வெகு கீழே போய்விடும். மேலே வெள்ளையாக, தட்டையாக ஒரு படலம் வந்தால் அது காட்டு ஈஸ்ட், வழித்தெடுத்துவிடலாம். பஞ்சுபோல முடி வைத்து, பச்சையோ கறுப்போ இளஞ்சிவப்போ ஆக வளர்ந்தால் முழு ஜாடியையும் கொட்டிவிடுங்கள்.

அந்த 4.6 என்ற எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், ஜாடியில் அடைக்கும் கலையே அதன் இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கிறது. கீழே இருப்பவை புளிப்பான பழங்கள், ஜாம், 5 சதவீத வினிகரில் போட்ட காய்கள். இவற்றைக் கொதிநீரில் மூழ்கவைத்து அடைத்தால் போதும். தக்காளி எல்லைக்கோட்டில் நிற்பதால், அரை லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி பாட்டில் எலுமிச்சைச் சாறு சேர்க்க வேண்டும். மேலே இருப்பவை இறைச்சி, மீன், பீன்ஸ், சோளம், சூப். இவற்றுக்குக் கொதிநீர் எத்தனை மணி நேரமானாலும் போதாது. அழுத்தத்தால் 116 டிகிரிக்கு மேல் கொண்டுபோகும் பிரஷர் கேனர் வேண்டும். அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி அரைத்த இறைச்சிக்கு, ஏறக்குறைய அரை லிட்டர் ஜாடியானால் 75 நிமிடம், ஒரு லிட்டரானால் 90 நிமிடம்; கடல் மட்டத்திலிருந்து உயரம் கூடக்கூட அழுத்தத்தையும் கூட்ட வேண்டும். சமையலறைப் பிரஷர் குக்கர் இதற்கு ஈடாகாது. அது சீக்கிரம் சூடேறிச் சீக்கிரம் ஆறிவிடும், அந்த அட்டவணை மெதுவாக ஏறி இறங்கும் நேரத்தையும் கணக்கில் வைத்து எழுதப்பட்டது.

நிக்கோலா அப்பேர் என்ற பிரெஞ்சுக்காரர் 1795 முதல் பாட்டில்களில் உணவை அடைத்துக் கொதிக்கவைத்துச் சோதித்து, 1810இல் அரசிடமிருந்து 12,000 பிராங்க் பெற்று, தன் முறையை எல்லாருக்கும் எழுதிவைத்தார். கிருமி என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. விஞ்ஞானி லூயி பாஸ்டர் விளக்கம் சொல்ல இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும். ஆனால் அவர் வழியை அப்படியே பின்பற்ற நமக்கு அனுமதி இல்லை. அவருக்குத் தெரியாதது நமக்குத் தெரியும்.

பூண்டை எண்ணெயில் போட்டு அறை வெப்பத்தில் வைப்பதும் இதே தவறுதான். மண்ணிலிருந்து வந்த பூண்டில் வித்து இருக்கும், எண்ணெய் காற்றை மறைக்கும். 1985இல் வான்கூவரில் ஒரு உணவகத்தில் ஃப்ரிட்ஜில் வைக்காத எண்ணெய்ப் பூண்டால் 36 பேர் போட்டுலிசத்தில் விழுந்தார்கள். செய்தால் ஃப்ரிட்ஜில் வைத்துச் சில நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

இந்த வார இறுதிக்கு ஒரு கிலோ பச்சைச் சாசேஜும் ஒரு ஜாடி முட்டைக்கோஸும் போதும். கூடவே ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, இறைச்சி எடை, கொழுப்பு எடை, உப்பு எத்தனை கிராம், அதன் சதவீதம், அரைத்தபோது வெப்பநிலை, எத்தனை நிமிடம் பிசைந்தீர்கள், வெந்தபோது நடுவெப்பநிலை, சாப்பிட்டவர்கள் சொன்னது. முட்டைக்கோஸுக்கு உப்பு, அறை வெப்பநிலை, குமிழி நின்ற நாள், பி.எச். நான்காவது முறை செய்யும்போது 16 கிராமை 15 ஆக்குவதா, 17 ஆக்குவதா என்று அந்தப் பக்கத்தைப் புரட்டித்தான் முடிவு செய்வீர்கள்.